இறந்தவர்களோடு பெயர் வாசிக்கப்பட்ட என் மகளுக்கு

அன்புள்ள ஜெனி,

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில், நம் கோயிலில், உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் இறந்தவர்களோடு சேர்த்து வாசித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் நீ போனில் கூப்பிட்டபோது நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று உனக்குப் புரிந்திருக்காது. "கெடைக்கிற ஃப்ளைட்ட புடிச்சி ரெண்டு பேரும் ஊடு வந்து சேருங்க" என்றேன். மாப்பிள்ளையிடம் "மூளை கீதா உனக்கு" என்று கேட்டதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பாவம், அவர் "சாரி மாமா" என்றார், எதற்கு என்றே தெரியாமல். நீ போனை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாய். பிறகு, "நீ வரச் சொன்னா வந்துடறோம்ப்பா. புதன்கிழமதான் உள்காட்டுக்குப் போறோம், அங்க டவரே இருக்காது. அதுக்குள்ள யோசிச்சு ஒரு வார்த்தை சொல்லு" என்றாய். இன்று செவ்வாய். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் மறுபடியும் கத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் சேர்ந்தே படிக்கட்டும்.

நீ கிளம்பியதிலிருந்தே நான் சரியாக இல்லை. மலேசியா என்று முதலில் நீ சொன்னபோது நிம்மதியாகத்தான் இருந்தது. அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள், இட்லி கிடைக்கும், வழி தெரியாவிட்டால் யாராவது தமிழில் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் போகிற போர்னியோப் பகுதி அதே நாட்டைச் சேர்ந்ததுதான், ஆனால் கடல் தாண்டிப் போகவேண்டிய வேறு தீவு என்பது மாப்பிள்ளை போனில் வரைபடத்தை விரித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. சுற்றிலும் நீலம், நடுவில் பச்சை. பச்சைக்குள் ஒரு ஊர் பெயரைக்கூடக் காணோம். "இங்க யாரு கீறாங்க?" என்று கேட்டேன். "குரங்குதான் மாமா" என்று சிரித்தார். நீயும் சேர்ந்து சிரித்தாய். கல்யாணமான புதிதில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவார்கள். வெந்நீர் வரவில்லை என்பதுதான் அங்கே நடக்கக்கூடிய பெரிய ஆபத்து. நீங்கள் என்னடாவென்றால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, எங்கே தங்குவோம் என்பதைக்கூட முழுதாக முடிவு செய்யாமல், கடற்கரை கடற்கரையாகப் போய் அங்கிருந்து மழைக்காட்டுக்குள் நுழையப் போவதாகச் சொன்னீர்கள். கிளம்புகிற அன்று உன் பையைத் தூக்கிப் பார்த்தேன். நம் கள்ளிக்குப்பத்தில் கேஸ் சிலிண்டர் போட வருகிறவர்கூட அதைத் தோளில் ஏற்ற யோசிப்பார். வாசலில் உன் நெற்றியில் ஒரு தடவை சிலுவை போட்டுவிட்டு, மறுபடியும் மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தேன். நீ அதைக் கவனித்துவிட்டாய். கவனிக்காத மாதிரி மாப்பிள்ளையை முன்னால் தள்ளி, "அவருக்கும் போடுப்பா" என்றாய்.

நான் பயந்தவன்தான். அதை ஒளித்துவைக்கிற வயது போய்விட்டது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவனுக்குப் பயமும் சம்பளத்தோடு சேர்ந்தே வரும். தகடு அடிக்கிற மெஷின் மேலிருந்து இறங்கும்போது நடுவில் இருப்பது இரும்பா விரலா என்று பார்ப்பதில்லை. ரிப்பேருக்காக உள்ளே கை விடுகிறவன் முதலில் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்பவனிடமும் கொடுக்கக் கூடாது, சூப்பர்வைசரிடமும் கொடுக்கக் கூடாது. யாருடைய கை உள்ளே இருக்கிறதோ அவன் பையில்தான் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒருநாள் அப்படிச் செய்யாத ஒருவரின் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்தபோது நீ தட்டில் பருப்புச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்து உன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். உன் அம்மா, "அவ பால்வாடிக்குத்தான் போறா, பிரஸ் ஷாப்புக்கு இல்ல, கைய உடு, கொழந்த சாப்புடட்டும்" என்றாள். அவள் இருந்தவரை என்னைக் கிண்டல் செய்தே என் பயத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவாள். அவள் போன பிறகு அது கேட்பாரில்லாமல் வளர்ந்துவிட்டது.

நீங்கள் தீவுக்குத் தீவு படகில் போய்க்கொண்டிருந்த நாட்களில் நான் அம்பத்தூர் ஏரிக்கரையில் நடப்பதையே நிறுத்திவிட்டேன். தண்ணீரைப் பார்த்தாலே உங்கள் படகுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஊர் ஆறுகளில் முதலை உண்டா என்று போனில் தேடினேன். அதைத் தேடியிருக்கவே கூடாது. அப்புறம் நான் கேட்காமலே அந்தப் போன் எனக்கு முதலையாகக் காட்டிக்கொண்டிருந்தது. நீ அனுப்பிய வீடியோக்களையெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நீ தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறாய், காலில் செருப்பு இருக்கிறதா, பின்னால் புதரில் ஏதாவது அசைகிறதா என்பதுதான் என் கவலை. வெள்ளிக்கிழமை நீ, "ஆத்துப் பக்கம் போறோம், ரெண்டு நாள் டவர் இருக்காது, ஞாயிறு சாயங்காலம் பேசறேன்" என்று அனுப்பியிருந்தாய். தெளிவாகத்தான் சொல்லியிருந்தாய். தப்பு உன் பேரில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் நினைவு நாள். பூசைக் கருத்துக் கொடுக்கச் சனிக்கிழமை கோயில் ஆபீசுக்குப் போனேன். மாப்பிள்ளையின் சபையில் இந்தப் பழக்கம் இல்லை என்பதால் அவருக்காகச் சொல்கிறேன்: யாருக்காகப் பூசை வைக்கிறோமோ அவர்கள் பெயரை முந்தின நாளே ஆபீசில் சொல்லிவிட்டால், பூசை தொடங்குமுன் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார்கள். இறந்தவர்களுக்கு ஆன்மா இளைப்பாற என்று வாசிப்பார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு நல்ல சுகம், நல்ல பயணம் என்று வாசிப்பார்கள். நான் போய் நின்று, "ஸ்டெல்லா, நினைவு நாள்" என்றேன். அம்மா பெயரைச் சொன்னதுமே கண் நிறைந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்த பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். உங்களுக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்ளத்தானே போயிருந்தேன். "அப்புறம் ஜெனிஃபர், சாம்" என்று சொன்னேன். பயணத்துக்காக என்று சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கண் கலங்கி நிற்கிற ஒரு மனிதன் மூன்று பெயரைச் சொன்னால் அவள் வேறு என்னதான் நினைப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான இடத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். மைக்கில் வாசித்தார்கள். "ஸ்டெல்லா, ஜெனிஃபர், சாம் ஆகியோரின் ஆன்மாக்கள் நித்திய இளைப்பாற்றி அடைய, வேண்டுவோர் குடும்பத்தார்." எழுந்து, இல்லை, என் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். என்னால் எழ முடியவில்லை. ஏன் தெரியுமா? முந்தின நாள் நான் உளறியதால் வந்த வினை என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோயிலுக்கு ஏதோ தகவல் வந்திருக்கிறது, எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது, சுற்றி எல்லோரும் மண்டியிட்டபோது மண்டியிட்டு, எழுந்தபோது எழுந்து, என்ன ஜெபம் சொன்னேன் என்றே தெரியாமல் பூசை முழுதும் இருந்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை என் சந்தேகத்தை உறுதியாக்கியது.

பூசை முடிந்ததும் யார் கையிலும் அகப்படாமல் வீட்டுக்கு ஓடி வந்து உன் எண்ணுக்குப் போட்டேன். ஒரு பெண் அவர்கள் மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்பதைத்தான் சொல்லியிருப்பாள். எனக்கு அது துக்கச் செய்தி போலக் கேட்டது. மறுபடி மறுபடி போட்டு அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் எதிர்வீட்டு முருகேசன் ஆட்டோவைத் தாறுமாறாக நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கையில் ரோஜா மாலை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இன்னா அண்ணாத்தே இது, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? எப்போ நடந்துச்சி? பாடிய எப்போ எட்த்துகினு வராங்க?" என்றான். பாடி என்ற சொல்லைக் கேட்டதும் அவன் மேல் பாய்ந்துவிட்டேன். "என் பொண்ணு உயிரோட கீறாடா!" என்று கத்தினேன். கத்திவிட்டு அவனிடமே, "உயிரோடதான கீறா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஆபீசில் யாரிடம் என்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "அண்ணாத்தே, நீதான் சொதப்பிகிற" என்றான். அப்போதுதான் எனக்கும் புரிந்தது. மாலையைத் திருப்பி எடுத்துப்போக அவனுக்கு மனமில்லை. அன்று அம்மாவின் நாள்தானே, அவள் படத்துக்குப் போட்டுவிட்டோம்.

புரிந்தும் பயம் போகவில்லை, ஜெனி. தப்பாக வாசித்தார்கள் என்பது சரி. ஆனால் நீ பத்திரமாக இருக்கிறாய் என்று அதனால் ஆகிவிடுமா? ஒருவேளை இப்படி வாசித்ததே ஒரு அறிகுறியோ என்று மனம் அடுத்த பக்கம் தாவியது. மத்தியானம் வேப்பம்பட்டிலிருந்து சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். யாரோ அவருக்கும் போன் செய்து துக்கம் விசாரித்திருக்கிறார்கள். ரயிலில் அழுதுகொண்டே வந்திருக்கிறார். வாசலில் நின்று, "என் புள்ள எங்க?" என்றார். நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. "நான் தாங்க மாட்டேன்னு மறைக்கிறீங்க அண்ணே. சாமை இப்பவே பேச வைங்க" என்றார். எப்படிப் பேச வைப்பேன்? பேச முடியாத இடத்தில் இருக்கிறீர்களே. அம்மா படத்தில் கிடந்த புது மாலையைப் பார்த்ததும் அவர் தரையிலேயே உட்கார்ந்து, இயேசப்பா, இயேசப்பா என்று வாய்விட்டு ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அவரைத் தேற்ற என்னிடம் வேறு எதுவும் இல்லை. அதனால்தான் போனை எடுத்து நீ அனுப்பிய வீடியோக்களைக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். சாம் தெரிந்ததும், "என்னமோ சொல்றானே, சத்தத்த வைங்க அண்ணே" என்றார். வைத்தேன். உன் குரல் கேட்டது. இத்தனை நாளும் நீ காற்றையும் கடலையும் காட்டி ஏதோ கதை பேசிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். நீ என்னிடம் பேசிக்கொண்டிருந்தாய். "அப்பா, இதான் லைஃப் ஜாக்கெட். பட்டைய இழுத்துப் பாத்துட்டேன், டைட்டாத்தான் இருக்கு. படகு ஓட்டறவரு பொறந்ததுலேந்து இந்தத் தண்ணிலதானாம்ப்பா." அடுத்ததில், "ஷூவ உதறிட்டுத்தான் போட்டேன். அட்டை ஏறாம முட்டி வரைக்கும் சாக்ஸ் போட்டிருக்கேன், நல்லா பாத்துக்கோ." அதற்கடுத்ததில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மாப்பிள்ளை உள்ளே நின்று வா வா என்று கூப்பிடுகிறார், நீ, "அப்பா, இங்க ஆழமே இல்ல, அவருக்கு இடுப்பு வரைக்கும்தான் இருக்கு, நான் எறங்கல" என்று கரையில் நின்று எனக்குக் கணக்கு ஒப்பித்துக்கொண்டிருக்கிறாய்.

கடைசி வீடியோ வெள்ளிக்கிழமை டவர் போகுமுன் ஆற்றில் எடுத்து அனுப்பியது. அதை டீக்கடையில் பலமுறை பார்த்திருக்கிறேன். படகின் ஓரத்தில் கட்டியிருந்த கயிறுதான் முழுதும் தெரியும். கயிறு நன்றாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு மூடிவிடுவேன். சத்தத்தோடு கேட்டபோதுதான் தெரிந்தது, படகில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஏதோ கிசுகிசுக்கிறார்கள். மாப்பிள்ளை, "ஜெனி, யானை! கூட்டமா வருது, குட்டி இருக்கு! திரும்பு, திரும்பு!" என்கிறார். நீ, "இரு, அப்பாவுக்கு இந்தக் கயித்தக் காட்டிட்டு வரேன்" என்கிறாய். கயிற்றைக் காட்டுகிறாய். முடிச்சைக் காட்டுகிறாய். பிறகு போன் திரும்புகிறது. கரையில் உயரமான புல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. "போயிடுச்சா?" என்று கேட்கிறாய். அதோடு முடிந்துவிடுகிறது. சம்பந்தியம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "என்ன அண்ணே இது, யானைய உட்டுட்டுப் பொண்ணு கயித்தக் காட்டிக்கினு கீது?" என்றார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லாமல் அந்த வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

நீ கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? அம்பத்தூர் ஸ்டேஷனில் உன்னை லேடீஸ் பெட்டியில் ஏற்றிவிட்டு டாட்டா காட்டிவிட்டு, அடுத்த பெட்டியில் நானும் ஏறிக்கொண்டேன். சென்ட்ரலில் கூட்டத்தில் உன்னைத் தவறவிட்டு, பதறிப்போய் அங்கும் இங்கும் ஓடி, கடைசியில் உன் மேலேயே போய் மோதினேன். "அப்பா, நீ இங்க என்ன பண்றே?" என்று கேட்டாய். பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். வேறு பெண்ணாக இருந்தால் அவமானத்தில் என்னோடு பேசுவதையே விட்டிருப்பாள். நீ மறுநாளிலிருந்து தினமும் போய்ச் சேர்ந்ததும், "சேந்துட்டேன்ப்பா" என்று போன் செய்ய ஆரம்பித்தாய். நான் கேட்கவே இல்லை, நீயாகச் செய்தாய். வேலைக்குப் போனபோதும் செய்தாய். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன பிறகும் செய்கிறாய். எவ்வளவு பொறுப்பான பெண் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். என் பயத்தை உன் முதுகில் ஏற்றிவிட்டு, நீ அதைச் சுமக்கிற அழகைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். உன் பை ஏன் அவ்வளவு கனத்தது என்று இப்போது தெரிகிறது. உனக்கும் ஒரு பிள்ளை பிறந்தால் நீயும் பயப்படுவாய், அதில் தப்பில்லை. பயமில்லாமல் பிள்ளை வளர்க்க யாராலும் முடியாது. ஆனால் உன்னைச் சமாதானப்படுத்துவதை அந்தக் குழந்தைக்கு வேலையாகக் கொடுத்துவிடாதே.

இப்போது கேட்டதற்குப் பதில். உங்களை வரச் சொல்வதாகச் சம்பந்தியம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் உங்கள் குரலைக் கேட்ட பிறகும் அவர், "வரச் சொல்லிடுங்க அண்ணே, நான் சொன்னா சாம் கேக்க மாட்டான், பொண்ணு உங்க பேச்சத் தட்டாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது உண்மை. நான் வா என்று ஒரு வார்த்தை எழுதினால் நீ பையைக் கட்டிவிடுவாய், முகம்கூடச் சுளிக்க மாட்டாய். அதுதான் இப்போது எனக்கு முதலையைவிடப் பயமாக இருக்கிறது. என் பயத்தைக் கேட்டு நீ திரும்பி வந்துவிட்டால் அதற்குப் பிறகு எங்கேயும் போக மாட்டாய்.

வராதே, ஜெனி. காட்டுக்குப் போங்கள். சம்பந்தியம்மாவிடம் நானே வேப்பம்பட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்கிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். எனக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. போங்கள் என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிட இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். நாளையிலிருந்து நீங்கள் வெளியே வருகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது, முருகேசனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆயிரம் கேள்வி கேட்பேன். அது என் பாடு. கையில் காலில் விழுந்து கெஞ்சினாலும் எனக்காக ஒன்றையும் படம் பிடிக்காதே. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொள், காட்டாதே. ஷூவை உதறிப் போடு, சொல்லாதே. போனை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிடு. மாப்பிள்ளை உன்னைத் திரும்பு என்று சொன்னால், உடனே திரும்பிப் பார்.

அப்பா